யாழ்ப்பாணத்திலிருந்து ஐரோப்பாச் சுற்றுலா: ரிக்கற் எடுக்க முன் செய்ய வேண்டியவை

பாரிஸில் சித்தி, சூரிச்சில் மாமா, டோர்ட்முண்டில் பள்ளிக்கூடச் சிநேகிதன் என்றால் ஒரு ஷெங்கன் வீசா போதும். 29 நாடுகளுக்குச் செல்லும். லண்டன் அதற்குள் இல்லை, அதற்கு வேறு வீசா.

முதலில் ஒரு தாளில் எந்தத் திகதியில் எங்கே தங்குவீர்கள் என்று எழுதுங்கள். எந்த நாட்டிடம் விண்ணப்பிப்பது என்பதை அந்தத் தாள்தான் முடிவுசெய்யும். பிரான்சில் 9 நாள், சுவிஸில் 6, ஜேர்மனியில் 5 என்றால், சூரிச்சில் இறங்கினாலும் பிரான்சிடமே விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமாக வந்தால் மட்டும் முதலில் நுழையும் நாடு.

விண்ணப்பத்தைப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து கொடுக்கலாம். கடைசி எல்லை பயணத்துக்கு 15 நாள் முன். முடிவு வர 15 நாள், சிலவேளை 45 நாளும் ஆகும். ஓகஸ்ட் விடுமுறைக்கு ஏப்ரலிலேயே நேரம் பதிந்துவிடுங்கள். கைரேகை கொடுக்கக் கொழும்புக்குப் போவதென்றால் முதல்நாளே போய்விடுவது நல்லது. இரவு பஸ்ஸை நம்பிக் காலை நேரம் எடுக்க வேண்டாம்.

பாஸ்போட் கடந்த 10 வருடத்துக்குள் எடுத்ததாக, ஐரோப்பாவை விட்டு வெளிக்கிடும் நாளுக்குப் பிறகும் 3 மாதம் செல்லுபடியாக, 2 வெற்றுப் பக்கங்களோடு இருக்க வேண்டும்.

எங்கள் ஆட்களுக்கு அதிகம் சிக்கல் தருவது பெயர். பிறப்புப் பத்திரத்தின் மொழிபெயர்ப்பில் அப்பாவின் பெயர் ஆங்கில எழுத்து ‘எச்’ இல்லாமல் முடியும், பாஸ்போட்டில் ‘எச்’சோடு முடியும். மொழிபெயர்ப்பாளர் தட்டச்சு செய்ய முன்னரே பாஸ்போட்டின் பிரதியைக் கையில் கொடுங்கள். சித்தி முறையைக் காட்ட உங்களுடையது, அம்மாவுடையது, சித்தியுடையது என மூன்று பிறப்புப் பத்திரமும் வேண்டும்.

பிரான்சில் சித்தி வீட்டில் தங்குவதென்றால் அவர் கைப்பட எழுதிய கடிதம் போதாது. அவருடைய நகரசபையில், அங்கத்தைய ஆட்கள் ‘மெரி’ என்பார்களே, அங்கே 30 யூரோ முத்திரையோடு தங்குமிட உறுதிப் பத்திரம் எடுத்து, மூலப் பிரதியையே அனுப்ப வேண்டும்.

வங்கிக் கணக்கில் பெரிய தொகை வந்து சேர்ந்தால் எங்கிருந்து வந்தது என்பதற்கும் காகிதம் வையுங்கள். கடைசி வாரத்தில் மச்சான் போட்ட காசு உதவாது, சந்தேகத்தைத்தான் கூட்டும். காணி உறுதியைவிட, மாதாமாதம் வரும் வருமானமும் வேலையிடத்து லீவுக் கடிதமும் திரும்பி வருவீர்கள் என்பதைத் தெளிவாகக் காட்டும். கடை வைத்திருப்பவர் வியாபாரப் பதிவைக் கொடுக்கலாம்.

பயணக் காப்புறுதி குறைந்தது 30,000 யூரோவுக்கு, எல்லா ஷெங்கன் நாடுகளுக்கும், தங்கும் எல்லா நாட்களுக்கும் இருக்க வேண்டும். வீசாக் கட்டணம் 90 யூரோ, 6 முதல் 11 வயதுவரை 45, அதற்குக் கீழே இலவசம். மறுத்தால் காசு திரும்பாது. ஆகவே வீசா கிடைக்கும்வரை ரிக்கற்றைப் பதிவோடு நிறுத்துங்கள், காசு கட்ட வேண்டாம்.

இனிச் சூட்கேஸ். கறுத்தக்கொழும்பான் மாம்பழம், கறிவேப்பிலை இரண்டையும் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் இல்லாமல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோக முடியாது. நெய், பால்கோவா, இறைச்சி வத்தலும் தடை. கருவாடு கொண்டுபோகலாம், ஆளுக்கு 20 கிலோவரை. மணம்தான் பிரச்சினை, மூன்று உறை போட்டுக் கட்டுங்கள். பனங்கட்டிக்கும் மிளகாய்த்தூளுக்கும் சிக்கல் இல்லை. ஊறுகாய்ப் போத்தலைக் கைப்பையில் வைத்தால் 100 மில்லிலீற்றர் விதியில் மாட்டும்.

காப்புறுதிப் பத்திரம், திரும்பும் ரிக்கற், தங்கும் வீட்டு விலாசம், சித்தியின் தொலைபேசி இலக்கம் எல்லாம் தாளில், கைப்பையில் இருக்கட்டும். இறங்கும் இடத்தில் அதிகாரி இவற்றைத்தான் கேட்பார். அந்த நேரம் பார்த்து ஃபோனில் சார்ஜ் இருக்காது.