அப்பாவின் பைனாகுலர் தெளிந்தது

அப்பா வைத்திருந்த பழைய 8×40 பைனாகுலர். மார்கழியில் தனுஷ்கோடிப் பாதையில், கோதண்டராமர் கோயில் பக்கம் பூநாரைகளைப் பார்க்க எடுத்தால் எல்லாம் பால் ஊற்றின மாதிரி வெள்ளை. துணியால் துடைத்தும் போகவில்லை. அப்படியென்றால் ஈரம் உள்ளே.

பழைய மாடல்களில் ஃபோகஸைத் திருகும்போது கண்பக்கக் குழல்கள் வெளியே வந்து வந்து போகும். ஒவ்வொரு முறையும் கடல்காற்றை உறிஞ்சும். நைட்ரஜன் நிரப்பி ரப்பர் வளையத்தால் அடைத்தவற்றுக்கு இந்தத் தொல்லை குறைவு.

வெயிலில் வைக்கச் சொன்னார்கள். தயவுசெய்து வைக்காதீர்கள், சூட்டில் உள்ளிருக்கும் கிரீஸ் கசிந்து கண்ணாடியில் படியும். அரிசியில் புதைத்தால் தூசிதான் சேரும். நான் காற்றுப் புகாத டப்பாவில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகள் கால் கிலோ போட்டு, ஃபோகஸை முழுக்க வெளியே திருகி, உள்ளே வைத்து மூடினேன். நான்காம் நாளே நீல மணிகள் இளஞ்சிவப்பாகிவிட்டன, அதாவது ஈரம் குடித்து நிறைந்துவிட்டன. சமையலுக்கு எடுக்காத பழைய சட்டியில் இளந்தீயில் நீலம் திரும்பும்வரை சூடாக்கி, ஆறவைத்து மறுபடி போட்டேன். பத்து நாளில் தெளிந்தது! ஓரத்தில் சிலந்தி நூல் மாதிரி பூஞ்சை மட்டும் நின்றது. அதற்கு ஜெல் போதாது. மதுரையில் கேமரா மெக்கானிக்கிடம் பிரித்துத் துடைக்கக் கொடுத்தேன்.

இப்போது கரையிலிருந்து வந்ததும், நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் வெளிப்பக்கத்தைத் துடைக்கிறேன். உப்பு ஈரத்தை இழுக்கும். லென்ஸில் முதலில் மணலை ஊதிவிட்டுத்தான் துணி. ஏசி அறையிலிருந்து வெளியே எடுத்தால், குளிர்ந்த கண்ணாடியில் ஈரம் படியாமலிருக்க அரை மணி நேரம் பையைத் திறப்பதில்லை. ராத்திரி அதே டப்பாவுக்குள்.