புது ஹெல்மெட் வாங்கும்போது நெற்றி சொல்வதைக் கேளுங்கள்

ஹெல்மெட் வாங்கப் போகிறவருக்குக் கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் மூன்று வரிதான்: தர முத்திரை பாருங்கள், சரியான அளவு எடுங்கள், விலையில் கஞ்சத்தனம் வேண்டாம். மூன்றும் சரி. ஆனால் மூன்றையும் ஒழுங்காகச் செய்து வாங்கிய ஹெல்மெட், வண்டி ஏறி அரை மணி நேரத்தில் நெற்றியில் ஆணி அடிப்பதுபோல் வலித்தால்? எனக்கு வலித்தது. அளவும் பொருந்தியிருந்தது, முத்திரையும் இருந்தது. காரணம் பிடிபடக் கொஞ்ச காலம் ஆனது. பிடிபட்டதை வரிசையாக எழுதுகிறேன். ஹெல்மெட் ஏன் போட வேண்டும் என்ற பாடம் இதில் கிடையாது. அந்தச் சந்தேகம் உள்ளவர்கள் இதைத் தேடி வந்திருக்க மாட்டார்கள்.

படி 1: வகையை முடிவு செய்யுங்கள்

இதில் நான் அதிகம் யோசிப்பதில்லை. முகம் முழுவதையும் மூடும் 'ஃபுல் ஃபேஸ்' வாங்குங்கள். பைக்கிலிருந்து விழுகிறவர் மண்டையை மட்டும் தரையில் மோதுவதில்லை; தாடையும் மோதும். முகம் திறந்த ஹெல்மெட்டில் அந்த இடத்தில் வெறும் காற்றுதான் இருக்கிறது. காதுக்கு மேலேயே நின்றுவிடும் அரை ஹெல்மெட்டைப் பற்றிப் பேசவே விருப்பமில்லை.

தாடைப் பகுதியைத் தூக்கிவிடும் 'ஃபிலிப் அப்' வகை, அடிக்கடி நின்று பேச வேண்டியவர்களுக்கும் கண்ணாடி அணிபவர்களுக்கும் வசதி. எடை சற்றுக் கூடும், காற்றுச் சத்தமும் கூடும். ஐரோப்பிய முத்திரை உள்ளதாக இருந்தால் உள்ளே பட்டையில் தைத்திருக்கும் சீட்டைப் பாருங்கள். 'பி' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் தாடைப் பகுதியும் பாதுகாப்புச் சோதனையில் தேறியது என்று பொருள். 'ஜே' என்று மட்டும் இருந்தால் அது முகம் திறந்த ஹெல்மெட்டாகத்தான் கணக்கு. இரண்டு எழுத்தும் இருந்தால் மூடியும் திறந்தும் ஓட்டலாம். 'என்பி' என்றிருந்தால் முன்னால் தெரியும் தாடை பார்வைக்கு மட்டும்தான்.

படி 2: சுற்றளவு எடுங்கள்

தையல் டேப் போதும். புருவத்துக்கு மேலே ஏறக்குறைய இரண்டரை செ.மீ., காதுக்குச் சற்று மேலே, பின்மண்டை அதிகம் புடைத்திருக்கும் இடம் என்று சுற்றி அளக்க வேண்டும். டேப்பைச் சற்று ஏற்றி இறக்கி இரண்டு மூன்று முறை அளந்து, கிடைப்பதில் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். டேப் இல்லையென்றால் நூலால் சுற்றி ஸ்கேலில் வைத்துப் பார்க்கலாம்.

கிடைத்த எண்ணை அந்தந்த நிறுவனத்தின் அளவு அட்டவணையில்தான் பொருத்திப் பார்க்க வேண்டும். 58 செ.மீ. ஒரு நிறுவனத்துக்கு 'மீடியம்', இன்னொன்றுக்கு 'லார்ஜ்'. "நான் எப்போதும் மீடியம்தான்" என்பது சட்டைக்கே சரிவராது.

படி 3: தலையின் வடிவத்தைக் கண்டுபிடியுங்கள்

பெரும்பாலானவர்கள் தாண்டிப் போய்விடும் படி இது. எனக்கு வலி வந்ததும் இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

டேப் சொல்வது சுற்றளவை மட்டும். ஒருவர் தலை மேலிருந்து பார்த்தால் ஏறக்குறைய வட்டமாக இருக்கும். இன்னொருவருடையது முன்னும் பின்னும் நீண்டு, காதுப் பக்கம் ஒடுங்கியிருக்கும். இருவருக்கும் டேப் 58 என்றே காட்டும். ஆனால் ஒரே ஹெல்மெட் இருவருக்கும் பொருந்தாது. பெரும்பாலான தலைகள் இவ்விரண்டுக்கும் நடுவில், மிதமான நீள்வட்டத்தில் இருக்கும். சந்தையில் உள்ள ஹெல்மெட்களும் பெரும்பாலும் அந்த நடுத்தர வடிவத்துக்கே செய்யப்படுகின்றன. ஓரத்தில் இருப்பவர்களுக்குத்தான் தொல்லை.

மேலிருந்து தலையைப் படம் எடுத்துப் பார்க்கச் சொல்வார்கள். தலைமுடி அதில் ஏமாற்றிவிடும். நான் சொல்லும் வழி இதைவிட நம்பகமானது. சுவரில் பின்மண்டை தொடும்படி நேராக உட்காருங்கள். கெட்டி அட்டை போட்ட புத்தகம் ஒன்றைச் சுவருக்கு இணையாக, நெற்றியில் தொட்டு நிற்கும்படி பிடியுங்கள். சுவருக்கும் புத்தகத்துக்கும் உள்ள இடைவெளியை வேறொருவர் அளக்கட்டும். அது தலையின் நீளம். பிறகு இரண்டு புத்தகங்களைக் காதுக்கு மேலே இரு பக்கமும் தலையோடு ஒட்டிப் பிடித்து, அவற்றின் இடைவெளியை அளந்தால் அகலம். இரண்டுக்கும் வித்தியாசம் மிகக் குறைவு என்றால் உங்களுடையது வட்டத் தலை. வித்தியாசம் நிறைய என்றால் நீள்தலை. துல்லியமான எல்லைக்கோடு எதுவும் கிடையாது. வீட்டில் நாலைந்து பேரை அளந்து ஒப்பிட்டாலே நீங்கள் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.

அளக்க ஆளில்லை என்றால், இப்போது கையில் இருக்கும் ஹெல்மெட்டே சொல்லும். நடு நெற்றியில் வலி, சில சமயம் பின்மண்டையிலும் அழுத்தம், ஆனால் காதுக்கு மேலே விரல் நுழையும் இடம்: ஹெல்மெட் உங்கள் தலைக்கு அதிக வட்டம். கண்ணுக்கும் காதுக்கும் நடுவிலுள்ள பொட்டுப் பகுதி இரண்டிலும் நெருக்கம், நெற்றியிலும் பின்னாலும் இடைவெளி: ஹெல்மெட் உங்கள் தலைக்கு அதிக நீளம்.

நெற்றி வலித்தால் எல்லோரும் தரும் ஆலோசனை, அடுத்த பெரிய அளவுக்குப் போ என்பது. கேட்காதீர்கள். நெற்றி வலி குறையும், உண்மைதான். ஆனால் காதுப் பக்கம் ஏற்கெனவே தளர்ந்திருந்தது இன்னும் தளரும், கன்னத்தில் பிடிப்பு போய்விடும், வேகத்தில் காற்று ஹெல்மெட்டைத் தூக்கும். திரும்பிப் பார்த்தால் தலை திரும்பும், ஹெல்மெட் பின்தங்கி வரும். மாற்ற வேண்டியது மாடலை. அதே சுற்றளவுக்கு வேறு நிறுவனத்தின் ஹெல்மெட்களைப் போட்டுப் பாருங்கள். சில நிறுவனங்கள் எந்த மாடல் எந்த வடிவத்துக்கு என்று அறிவிக்கின்றன. அராய் நிறுவனத்தின் சிக்னெட் எக்ஸ், நீள்தலைக்காரர்களை மனதில் வைத்தே செய்யப்பட்டது. விலை உயர்ந்த மாடல் அது. ஆனால் வடிவம் பொருந்த விலை கூடியதாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. எனக்கு இறுதியில் பொருந்தியது, வலித்ததைவிட மலிவானது.

இன்னொரு ஆலோசனையும் வரும்: வலிக்கும் இடத்தில் உள்ளே கரண்டிப் பின்புறத்தால் அழுத்திக் குழி செய்துகொள்ளலாம் என்று. கூடவே கூடாது. துணி உறைக்கும் வெளி ஓட்டுக்கும் நடுவே இருக்கும் தெர்மோகோல்தான் ஹெல்மெட்டின் உயிர். மோதலின்போது அது நசுங்குவதால்தான் மூளைக்குப் போகும் அதிர்ச்சி குறைகிறது. ஒரு முறை நசுங்கினால் பழைய நிலைக்குத் திரும்பாது. நீங்கள் கரண்டியால் நசுக்கிய இடம், விபத்தில் நசுங்க வேண்டிய இடம். பலமாக ஒரு முறை அடிபட்ட ஹெல்மெட் வெளியே கீறல்கூட இல்லாமல் இருந்தாலும் மாற்றச் சொல்வதும் இதனால்தான்.

படி 4: போட்டுப் பாருங்கள், கழற்றாதீர்கள்

பட்டைகள் இரண்டையும் பக்கவாட்டில் விரித்துப் பிடித்துத் தலையில் இறக்குங்கள். காதைத் தாண்டும்போது சிரமப்பட்டே இறங்க வேண்டும். வழுக்கிக்கொண்டு இறங்கினால் பெரிது. இறங்கியபின் கன்னம் இரண்டும் சற்று மேலே தள்ளப்பட்டு, முகம் உப்பினாற்போல் தெரியும். கண்ணாடியில் பார்த்துச் சிரித்துக்கொள்ளலாம், அப்படித்தான் இருக்க வேண்டும்.

இப்போது தாடைப் பகுதியைப் பிடித்து இடமும் வலமும் திருப்புங்கள். நெற்றித் தோலும் கன்னத் தோலும் ஹெல்மெட்டோடு சேர்ந்து நகர வேண்டும். தோல் நிற்க ஹெல்மெட் மட்டும் சுழன்றால் சிறிய அளவு கேளுங்கள். அடுத்து பட்டையை இறுக்கிப் பூட்டிவிட்டு, பின்புற விளிம்பைப் பிடித்து முன்னோக்கித் தூக்கிக் கழற்ற முயலுங்கள். கண்ணை மறைக்கும் அளவுக்கு உருண்டு வந்தால் அந்த ஹெல்மெட் வேண்டாம்.

பிறகு அப்படியே இருபது முப்பது நிமிடம் போட்டுக்கொண்டிருங்கள். கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார், பார்க்கட்டும். கழற்றியதும் நெற்றியைக் கண்ணாடியில் பாருங்கள். பரவலாக இலேசான சிவப்பு என்றால் கவலையில்லை. நாணயம் அளவுக்கு ஒரே இடத்தில் அழுத்தமான சிவப்பு என்றால் அது வடிவக் கோளாறு, படி 3-க்குத் திரும்புங்கள்.

"போடப் போடச் சரியாகிவிடும்" என்று கடையில் சொல்வது பாதி உண்மை. கன்னத்தில் இருப்பது தடித்த பஞ்சு. சில வாரங்களில் தளர்ந்து முகத்துக்குப் படிந்துவிடும். அதனால் புதிதில் கன்னம் இறுக்கமாக இருப்பதே நல்லது. நெற்றியில் மெல்லிய துணிக்குப் பின்னால் உடனே தெர்மோகோல், அது தளராது. கன்னத்து இறுக்கத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள், நெற்றி வலியைப் பொறுக்காதீர்கள். பல மாடல்களில் கன்னப் பஞ்சை மட்டும் வேறு தடிமனில் தனியாக வாங்கி மாற்றலாம்.

படி 5: முத்திரை

ஒவ்வொரு நாட்டிலும் ஒரு விதி. உங்கள் நாட்டில் சட்டம் கேட்கும் முத்திரை இல்லாததை வாங்க வேண்டாம், அவ்வளவுதான். இந்தியாவில் அது ஐஎஸ்ஐ. அமெரிக்காவில் டாட், இதில் தயாரிப்பாளரே தன் ஹெல்மெட் தேறுகிறது என்று சான்றளித்துக்கொள்கிறார், அரசு சந்தையிலிருந்து எடுத்துப் பின்னர் சோதிக்கும். ஐரோப்பாவின் ஈசிஇ முறையில் விற்பனைக்கு முன்பே சோதனை நடக்கும். அதன் புதிய பதிப்பான 22.06, பழைய 22.05-ஐவிடக் கடுமையானது. பல வேகங்களில் மோதிப் பார்க்கிறார்கள், சாய்வாக மோதும்போது தலை எவ்வளவு சுழல்கிறது என்பதையும் அளக்கிறார்கள். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் நிலை வந்தால் நான் 22.06 பக்கம்.

ஸ்னெல் என்ற முத்திரையையும் பார்ப்பீர்கள். 1956-இல் கார்ப் பந்தயத்தில் தலையில் அடிபட்டு இறந்த பீட் ஸ்னெல் என்பவரின் நினைவாக, அடுத்த ஆண்டு தொடங்கப்பட்ட அறக்கட்டளையின் முத்திரை அது. சட்டம் கேட்பதில்லை, தயாரிப்பாளர் தாமாக முன்வந்து பெறுவது. இருந்தால் நல்லது, இல்லையென்று ஒதுக்க வேண்டியதில்லை. பிரிட்டன் அரசின் ஷார்ப் திட்டம் ஹெல்மெட்களுக்கு ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் தருகிறது. வாங்குமுன் உங்கள் மாடல் அதில் இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை.

படி 6: பூட்டு, வைசர், மற்றவை

பூட்டில் என் ஓட்டு இரட்டை வளையத்துக்கு. பட்டையை இரண்டு வளையத்துக்குள்ளும் விட்டு, வெளி வளையத்தின் மேலாகத் திருப்பி, உள் வளையத்துக்குள் மட்டும் நுழைத்து இழுக்க வேண்டும். முதல் வாரம் எரிச்சலாக இருக்கும், பிறகு கையுறையோடே வந்துவிடும். ஒவ்வொரு முறையும் தாடைக்கு ஏற்ற இறுக்கம் கிடைக்கும் என்பதுதான் இதன் பலம். முனையில் இருக்கும் அழுத்துப் பொத்தான், மிஞ்சிய பட்டை காற்றில் படபடக்காமலிருக்க மட்டும். அதை மாட்டிவிட்டு வளையத்தை விட்டுவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அவர்கள் ஹெல்மெட்டே பூட்டவில்லை. நாளெல்லாம் ஏறி இறங்கும் வேலை என்றால் பல் வைத்த பட்டையைச் செருகினாலே பூட்டிக்கொள்ளும் பல் பட்டைப் பூட்டு போதும், ஆனால் அதன் நீளத்தை முதலில் ஒழுங்காக வைத்துக்கொள்ளுங்கள்.

வைசர், அதாவது கண்ணுக்கு முன்னால் இறக்கும் மூடி, நிறமற்றதாக இருக்கட்டும். கறுப்பு வைசர் பார்க்க அழகு, இரவில் குருடு. மழையிலும் குளிரிலும் ஓட்டுபவர்கள் வைசரின் உட்புறம் இரண்டு சிறு ஊசிமுனைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். பின்லாக் என்ற உள்தகடு அதில்தான் மாட்டும். மூச்சுப்பட்டுப் பனிமூட்டம் கட்டுவதை அதைப்போல் தடுக்கும் திரவம் எதையும் நான் பார்த்ததில்லை. மாற்று வைசர் தனியாகக் கிடைக்குமா என்றும் கேளுங்கள். வைசர் கீறிப் போவது உறுதி.

காற்றுத் துளைகளைக் கடையில் நின்று சோதிக்க முடியாது, எனவே அதில் நேரம் செலவழிக்காதீர்கள். தயாரித்த தேதியைப் பாருங்கள். உள்ளே சீட்டிலோ பட்டையிலோ இருக்கும். ஐந்து ஆண்டுகளில் மாற்றச் சொல்வது வழக்கம் என்பதால், கடையில் பல ஆண்டு தூங்கியதைத் தள்ளுபடியில் வாங்குவது லாபமில்லை. பிறர் பயன்படுத்தியதை வாங்கவே வேண்டாம். எங்கே விழுந்தது என்று அது சொல்லாது.

பின்சேர்க்கை

எழுதியபின் வந்த கேள்விகளில் அதிகம் கேட்கப்பட்டது மூக்குக் கண்ணாடி பற்றி. கடைக்குக் கண்ணாடியோடு போங்கள். ஹெல்மெட்டைப் போட்டபின் கண்ணாடியை நுழைத்துப் பாருங்கள். காம்பு பொட்டில் குத்தாமல் நேராக உள்ளே போக வேண்டும். சில மாடல்களில் பஞ்சில் இதற்கென்றே பள்ளம் வெட்டியிருக்கும். வளைந்த காம்பைவிட நேரான, மெல்லிய காம்பு நல்லது.

நீண்ட கூந்தல் உள்ள ஒருவர், அளவு சரியாக இருந்தும் ஹெல்மெட் மேலே தூக்கி நிற்கிறது என்று எழுதியிருந்தார். கொண்டை உச்சியிலோ பின்மண்டையிலோ இருந்தால் அப்படித்தான் நிற்கும். வண்டி ஓட்டும்போது எப்படிக் கட்டுவீர்களோ அப்படிக் கட்டிக்கொண்டே அளவு பாருங்கள். பிடரிக்குக் கீழே தாழப் பின்னிக்கொள்வது எளிது.

தின்னர் தொட்டுத் துடைத்துப் பழைய ஸ்டிக்கரை எடுக்கலாமா என்று ஒருவர். வேண்டாம். பெட்ரோலும் தின்னரும் பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக்கால் ஆன வெளி ஓட்டை உள்ளுக்குள் பலவீனமாக்கும், வெளியே தெரியாது. மிதமான சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியைச் சிறிது நேரம் ஸ்டிக்கர் மேல் போட்டு வைத்து, நகத்தால் மெல்ல உரித்தெடுங்கள்.