சின்ன இடி, பெரிய பில்: கார் ரிப்பேர் எஸ்டிமேட்டை வரிவரியாகப் படிப்பது எப்படி

மாலை ஆறரை மணிக்கு வேலூர் கிரீன் சர்க்கிளில் வண்டி ஓட்டியவர்களுக்குத் தெரியும், அங்கே பிரேக் பிடிக்கிற நேரம்தான் அதிகம். காட்பாடியிலிருந்து வந்துகொண்டிருந்தேன். முன்னால் போன வேன் சட்டென்று நின்றது, நான் அரை நொடி தாமதமாக நின்றேன். என் காரின் இடது முன்மூலை அந்த வேனின் இரும்புப் படியில் போய் முட்டியது. தப்பு என்னுடையதுதான். வேனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. டிரைவர் இறங்கிப் பார்த்துவிட்டு, "பாத்து வாங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் சர்வீஸ் சென்டரில் கொடுத்த எஸ்டிமேட் 41,300 ரூபாய். அதே இடத்தில், அதே ஆட்களிடம் கடைசியில் வேலை முடிந்தது 23,010 ரூபாய்க்கு. பேரம் பேசிக் குறைத்ததில்லை. பேரம் பேசினால் இரண்டாயிரம் தள்ளுபடி கிடைத்திருக்கும், அவ்வளவுதான். தாளைக் கையில் வைத்துக்கொண்டு காரின் பக்கத்தில் நின்று ஒவ்வொரு வரியாகக் கேட்டதால் வந்த வித்தியாசம் இது. அதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். காரைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்களும் செய்யலாம்.

1. பட்டறைக்குப் போகும் முன்

இடித்த இடத்திலேயே போட்டோ எடுங்கள். கிட்டத்தில் நாலு, பத்தடி தள்ளி நின்று நாலு. வண்டிக்கு அடியில் ஏதாவது சொட்டுகிறதா என்று குனிந்து பாருங்கள். பச்சையாகவோ சிவப்பாகவோ சொட்டினால் என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட்டாக இருக்கலாம், ஓட்ட வேண்டாம், இழுத்துச் செல்லும் வண்டியைக் கூப்பிடுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அன்றைக்கே தகவல் சொல்லிவிடுங்கள். கிளெய்ம் செய்வதா வேண்டாமா என்பதைப் பிறகு முடிவு செய்துகொள்ளலாம். ஆனால் சேதத்தை மதிப்பிட அந்தக் கம்பெனி அனுப்பும் சர்வேயர் பார்ப்பதற்கு முன் வேலையை ஆரம்பித்துவிட்டால் கிளெய்ம் சிக்கலாகிவிடும்.

நசுங்கலை உச்சி வெயிலில் பார்க்காதீர்கள். நம்ம ஊர் வெயிலில் பன்னிரண்டு மணிக்கு எல்லாப் பள்ளமும் சமதளமாகத்தான் தெரியும். காலை ஏழு மணிக்குச் சாய்ந்த வெளிச்சத்தில், பேனலை ஒட்டிக் கண்ணை வைத்துப் பார்த்தால் எங்கே மடங்கியிருக்கிறது, எங்கே வெறும் கீறல் என்பது பிடிபடும்.

2. எஸ்டிமேட்டை எந்த வடிவத்தில் கேட்பது

"மொத்தமா ஒரு நாப்பது ஆவும் சார்" என்று வாயால் சொல்வதை ஏற்காதீர்கள். பார்ட்ஸ் தனி, லேபர் தனி, வரி தனி என்று எழுதித்தான் தர வேண்டும். எந்த பார்ட் மாற்றுகிறார்கள், எதைச் சரிசெய்கிறார்கள் என்பதும் அதில் இருக்க வேண்டும். பார்ட் என்றால் கம்பெனி ஒரிஜினலா, வெளி மார்க்கெட் பொருளா என்று கேளுங்கள். எனக்கு வந்த தாள் வரி சேர்க்கும் முன் இப்படி இருந்தது:

முன் பம்பர் 3,500. பம்பர் பிராக்கெட் 500. இடது ஃபெண்டர் 2,500. இடது ஹெட்லைட் 5,500. பம்பர் பெயின்ட் 4,000. ஃபெண்டர் பெயின்ட் 4,000. இடது முன்கதவு பெயின்ட் 4,000. பானட் பெயின்ட் 5,000. டிங்கரிங் (நசுங்கிய தகட்டைத் தட்டி நிமிர்த்துவது) 3,000. கழற்றி மாட்ட 2,000. கன்ஸ்யூமபிள்ஸ் 1,000. ஆக 35,000, ஜிஎஸ்டி 6,300.

3. ஒவ்வொரு வரிக்கும் காரில் ஒரு இடத்தைக் காட்டச் சொல்லுங்கள்

முக்கியமான படி இதுதான். சர்வீஸ் அட்வைசரை ஏசி அறையிலிருந்து கார் நிற்கும் இடத்துக்குக் கூப்பிடுங்கள். கூடவே டிங்கரிங் செய்பவரும் இருந்தால் இன்னும் நல்லது, அவர் உண்மையைச் சொல்லிவிடுவார். "இந்த வரி எந்த அடிக்கு?" என்பது ஒன்றுதான் கேள்வி.

பம்பரில் ஆரம்பித்தேன். இடது மூலையில் மாட்டும் காது கிழிந்திருந்தது. பிளாஸ்டிக்கை ஒட்டலாம், ஆனால் மாட்டும் இடமே கிழிந்தால் ஒட்டியது நிற்காது, ஆறு மாதத்தில் தொங்கும். புதுசு நியாயம். புதிய பம்பருக்குப் பெயின்ட் எதற்கு என்று முதல்முறை பார்ப்பவர்கள் கேட்பார்கள். பம்பர் கலர் அடிக்காமல்தான் பெரும்பாலும் வரும், அதனால் அதுவும் நியாயம்.

அடுத்தது ஃபெண்டர். முன் சக்கரத்தின் மேலே இருக்கும் தகடு. தாளில் புது ஃபெண்டர் 2,500 என்று இருக்கிறது, கீழே டிங்கரிங் 3,000 என்றும் இருக்கிறது. வேறெந்த பேனலிலும் பள்ளம் இல்லை.

"புது ஃபெண்டர் போட்டுட்டா, டிங்கரிங் எதுக்குங்க?"

அட்வைசர் தாளைப் பார்த்தார். பிறகு டிங்கரைப் பார்த்தார். டிங்கர் விரலால் பள்ளத்தைத் தடவிவிட்டு, "எடுத்துடலாம் சார், மடிப்பு விழல" என்றார். பள்ளம் வட்டமாக இருந்து, தகடு கூர்மையாக மடியாமல், ஓரம் கிழியாமல் இருந்தால் உள்ளிருந்து தட்டியோ இழுத்தோ எடுத்துவிடலாம். ஒன்று மாற்ற வேண்டும், இல்லை சரிசெய்ய வேண்டும். இரண்டுக்கும் காசு வாங்கக் கூடாது. புது ஃபெண்டரின் 2,500 போனது. எஸ்டிமேட்டில் அதிகம் நடக்கும் தவறு இதுதான் என்பது என் அனுபவம். வேண்டுமென்றேதான் செய்கிறார்கள் என்று சொல்லமாட்டேன், கம்ப்யூட்டரில் வரிசையாக டிக் அடிக்கும்போதும் இப்படி ஆகிவிடும்.

ஹெட்லைட்டில் கண்ணாடிப் பக்கம் முழுசாக இருந்தது. பின்னால் மாட்டும் ஒரு காது மட்டும் உடைந்திருந்தது. இதைப் பிளாஸ்டிக் வெல்டிங் செய்யலாம், சில மாடல்களுக்குக் காது மட்டும் தனியாகவே கிடைக்கும். லைட்டுக்குள் ஈரம் கோத்திருந்தாலோ, கையால் ஆட்டினால் முழுதாக ஆடினாலோ மாற்றித்தான் ஆக வேண்டும். என்னுடையதில் இரண்டும் இல்லை. 5,500 போய் 500 ஆனது.

பானட்டில் வேனின் பெயின்ட் ஒட்டிய ஒரு கோடு, ஒரு விரல் நீளம். அதன்மேல் நகத்தைக் குறுக்கே ஓட்டிப் பார்த்தேன். நகம் எங்கும் மாட்டாமல் வழுக்கிக்கொண்டு போனது. அப்படியென்றால் அடி மேல்பூச்சோடு நின்றுவிட்டது, பாலிஷ் போதும். நகம் மாட்டினால் கீறல் ஆழம், பெயின்ட் அடிக்க வேண்டியதுதான். 5,000 போனது. டெலிவரிக்கு முன் அவர்களே பாலிஷ் போட்டுத் துடைத்துக் கொடுத்துவிட்டார்கள்.

கதவு பெயின்ட்டைப் பார்த்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. கதவில் அடியே இல்லை! பெயின்டர் என்னைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார். என் கார் சில்வர், ஆறு வருடம் வெயிலில் நின்றது. கலர் கோடு பார்த்துப் புதுசாகக் கலந்து ஃபெண்டருக்கு மட்டும் அடித்தால், ஃபெண்டரும் கதவும் சேரும் கோட்டில் இரண்டு கார் ஒட்டிவைத்த மாதிரி தெரியும். மெட்டாலிக் கலர்களில் பக்கத்து பேனலின் ஓரம்வரை கலரைக் கரைத்துக்கொண்டு போவது சரியான வேலைமுறைதான். வேலூரை வெயிலூர் என்று சும்மா சொல்லவில்லை. இங்கே கார் பெயின்ட் அந்த அளவுக்கு வெளுக்கும். தவறு என் பக்கம் என்று ஒப்புக்கொண்டேன். ஆனால் கதவு முழுதுக்கும் போட்ட 4,000ஐ, ஓரம் கரைப்பதற்கு 2,000 என்று மாற்றச் சொன்னேன். சரி என்றார்கள்.

கன்ஸ்யூமபிள்ஸ் என்றால் உப்புத்தாள், மாஸ்கிங் டேப், தின்னர். பேனலுக்கு 4,000 பெயின்ட் கூலியில் அது அடங்கவில்லையா என்று கேட்டதும் அந்த வரியை அடித்துவிட்டார்கள்.

இப்போது கணக்கு: பார்ட்ஸ் 4,000, லேபர் 15,500. ஆக 19,500, வரி 3,510.

குறைப்பதற்காக மட்டும் இதைச் செய்வதாக நினைக்க வேண்டாம். பம்பரைக் கழற்றி உள்ளே பார்க்கச் சொல்வதும் இந்தப் படிதான். பின்னால் இரும்புக் குறுக்குச்சட்டம், ஏசி கன்டென்சர், ரேடியேட்டரைத் தாங்கும் சட்டம், ஹாரன், சில கார்களில் வைப்பர் தண்ணீர் டப்பா எல்லாம் இருக்கும். வெளியே சின்னதாகத் தெரியும் இடியில் கன்டென்சர் நசுங்குவது உண்டு. மிகக் குறைவாக எஸ்டிமேட் கொடுப்பவர் பம்பரையே கழற்றிப் பார்க்காதவராக இருக்கலாம்.

4. வரியும் எம்ஆர்பியும்

பார்ட் பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் எம்ஆர்பி எல்லா வரியும் சேர்ந்த விலை. என் பம்பர் பெட்டியில் 4,130 என்று இருந்தது. 3,500 விலை, 630 வரி. எஸ்டிமேட்டில் 4,130ஐ விலையாகப் போட்டு அதன்மேல் 18 சதவீதம் ஏற்றினால் 743 ரூபாய் கூடுதல். பெட்டி லேபிளைப் போட்டோ எடுத்துக்கொண்டால் இந்தப் பேச்சே வராது.

2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். அதற்கு முன் பெரும்பாலானவற்றுக்கு 28 ஆக இருந்தது. பார்ட் வரியில் இன்னும் 28 நின்றால் கேளுங்கள். பில்லில் ஜிஎஸ்டி எண் இருக்க வேண்டும், தமிழ்நாட்டுக் கடை என்றால் அது 33 என்று ஆரம்பிக்கும். நம்பரே இல்லாமல் வரி மட்டும் போட்டால் அந்த வரி எங்கே போகிறது என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

5. இன்னொரு இடத்தில் கேட்பது

கேளுங்கள். ஆனால் காரைக் காட்டி "எவ்வளவு ஆகும்?" என்று மட்டும் கேட்காதீர்கள், அதே வரிசையைக் கொடுத்து விலை போடச் சொல்லுங்கள். சத்துவாச்சாரிப் பக்கம் ஒரு பட்டறையில் எனக்கு 17,000 சொன்னார்கள். பெயின்ட் பூத் இல்லை, வெட்டவெளியில் அடிப்பார்கள். பழைய காருக்கு அது போதும். என் காருக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டேன், அது என் விருப்பம்.

6. கிளெய்மா, கைக்காசா?

"இருபத்தஞ்சாயிரத்துக்குக் கீழ இருந்தா கிளெய்ம் போடாதே" என்று எல்லோரும் சொல்வார்கள். கணக்குப் போடாமல் சொல்வது அது.

சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக் பார்ட்டுக்குப் பாதி நம் தலையில். உலோகப் பார்ட்டுக்கு வண்டியின் வயதைப் பொறுத்துத் தேய்மானம், ஐந்து முதல் பத்து வருடக் காருக்கு 40 சதவீதம். பெயின்ட் பில்லில் கால்வாசியைப் பொருள் செலவாக எடுத்து, அதில் பாதியைக் கழிப்பார்கள். இதுபோக, ஒவ்வொரு கிளெய்மிலும் நாமே போட வேண்டிய கட்டாயக் கழிவு 1500 சிசி வரையுள்ள காருக்கு 1,000, அதைவிடப் பெரிய என்ஜினுக்கு 2,000. ஜீரோ டெப் பாலிசி என்றால் தேய்மானம் கிடையாது, கட்டாயக் கழிவு உண்டு.

என் கணக்கில் பம்பரும் பிராக்கெட்டும் வரியோடு 4,720, அதில் பாதி 2,360. பெயின்ட் வரியோடு 11,800, அதில் எட்டில் ஒரு பங்கு 1,475. கழிவு 1,000. ஆக என் பங்கு 4,835.

அப்புறம் நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் போடாத வருடங்களுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி. எனக்கு 35 சதவீதம் இருந்தது, அடுத்த வருடம் 45 ஆகியிருக்கும், பிறகு 50-லேயே நிற்கும். கிளெய்ம் போட்டால் பூஜ்யம், பிறகு 20, 25, 35, 45 என்று மறுபடி ஏற வேண்டும். ஐந்து வருட வித்தியாசத்தைக் கூட்டினால் 120 சதவீதம். சொந்தச் சேதத்துக்கான பிரீமியம் போனஸ் கழிக்கும் முன் 7,000 என்று வைத்தால் 8,400 இழப்பு. கார் வயதாக ஆகப் பிரீமியம் குறையும், அதனால் நிஜத்தில் இன்னும் குறைவு.

4,835உம் 8,400உம் சேர்த்து 13,235. கைக்காசு போட்டால் 23,010. கிளெய்ம் போட்டேன். இதே பில் பத்தாயிரமாக இருந்திருந்தால் போட்டிருக்க மாட்டேன்.

ஒரு எச்சரிக்கை: இன்சூரன்ஸ்தானே தருகிறது என்று எஸ்டிமேட்டைப் படிக்காமல் விடாதீர்கள். சர்வேயர் வெட்டும் வரிகள் உங்கள் கணக்கில்தான் வந்து நிற்கும்.

7. ஒப்புக்கொள்வதும் வண்டி எடுப்பதும்

திருத்திய எஸ்டிமேட்டில் "கூடுதல் வேலை எதுவானாலும் போனில் கேட்ட பிறகே" என்று கையால் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டோம். கைக்காசு வேலை என்றால் கழற்றிய பழைய பார்ட்டைக் கேட்டு வாங்குங்கள். கிளெய்ம் என்றால் அது இன்சூரன்ஸ் கணக்குக்குப் போகும்.

வண்டியை மாலையில் எடுக்காதீர்கள், காலையில் போங்கள். பானட்டுக்கும் ஃபெண்டருக்கும் நடுவிலுள்ள சந்தில் விரலை ஓட்டி, வலது பக்கமும் ஓட்டி, இரண்டும் ஒரே அகலமா என்று பாருங்கள். ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றிக் கொண்டுபோங்கள். தகட்டில் பட்டி கனமாகப் பூசியிருந்தால் அந்த இடத்தில் காந்தம் தளர்வாகப் பிடிக்கும், இல்லை விழுந்துவிடும். என் ஃபெண்டரில் நன்றாகத்தான் பிடித்தது. பம்பரில் வைத்தேன், விழுந்தது. டிங்கர் சிரித்துக்கொண்டே, "சார், அது பிளாஸ்டிக்" என்றார்.