ஏஐ-யிடம் டெஸ்ட் எழுதி வாங்கும் முறை

பைத்தான் மொழியில் எழுதிய ஃபங்ஷன் ஒன்றை அப்படியே ஏஐ உதவியாளரிடம் ஒட்டி, "இதற்கு யூனிட் டெஸ்ட் எழுது" (அந்த ஃபங்ஷன் சரியான விடை தருகிறதா என்று சோதிக்கும் சிறு நிரல்) என்று கேட்டால் மளமளவென்று எழுதித் தந்துவிடும். பெரும்பாலும் எல்லாமே பாஸ் ஆகும். சிக்கலே அங்குதான். கோடு, அதாவது நிரல், இப்போது என்ன விடை தருகிறதோ அதையே சரியான விடையாக வைத்து ஏஐ பல நேரம் டெஸ்ட்டை எழுதிவிடுகிறது. கோட்டில் பிழை இருந்தால் டெஸ்ட்டும் அதற்குக் காவல் நிற்கும்.

டெலிவரி கட்டணம் கணக்கிடும் ஃபங்ஷனை எடுத்துக்கொள்வோம். விதி இது: 500 ரூபாய்க்கோ அதற்கு மேலோ வாங்கினால் இலவசம், குறைந்தால் 40 ரூபாய். கோட்டில் >= (சமம் அல்லது அதிகம்) இருக்க வேண்டிய இடத்தில் தவறுதலாக > (அதிகம் மட்டும்) இருக்கிறது. அதைப் படித்த ஏஐ, "500-க்குக் கட்டணம் 40" என்று டெஸ்ட் எழுதக்கூடும்.

அதனால் ஃபங்ஷனின் உள்பகுதியைக் காட்டாதீர்கள். பெயர், உள்ளீடுகள், விதி ஆகிய மூன்றை மட்டும் கொடுங்கள். எடிட்டருக்குள் இயங்கும் உதவியாளர் ஃபைலைத் தானே திறந்து படித்துவிடும் என்பதால், இந்த வேலையைத் தனி உரையாடலில் செய்வது நல்லது. விடைகளை நீங்களே அட்டவணையாக எழுதுங்கள்: 499-க்கு 40, 500-க்கு 0, 501-க்கு 0. பூஜ்யத்துக்கும் மைனஸ் தொகைக்கும் என்ன நடக்க வேண்டும் என்பதையும் முடிவு செய்து சேருங்கள். பிறகு, "இந்த அட்டவணையை பைடெஸ்ட்டின் பாராமெட்ரைஸ் வடிவில் எழுது, விடைகளை மாற்றாதே, விட்டுப்போன எல்லை மதிப்புகளைத் தனியாகச் சொல்" என்று கேளுங்கள். பைடெஸ்ட் என்பது பைத்தானில் டெஸ்ட் ஓட்டும் கருவி; பாராமெட்ரைஸ் என்றால் ஒரே டெஸ்ட்டைப் பல உள்ளீடுகளுக்கு ஓட்டுவது; எல்லை மதிப்பு என்பது 500 போல விடை மாறும் இடம். விட்டுப்போனதைக் கண்டுபிடிப்பதில் ஏஐ உண்மையிலேயே கெட்டிக்காரத்தனமாக வேலை செய்யும்.

டெஸ்ட் பாஸ் ஆனதும் கோட்டை வேண்டுமென்றே கெடுத்துப் பாருங்கள். 500-ஐ 501 ஆக்குங்கள். எந்த டெஸ்ட்டும் விழாவிட்டால், அதாவது ஃபெயில் ஆகாவிட்டால், அந்த எல்லையை யாரும் சோதிக்கவில்லை என்று அர்த்தம். கவரேஜ் (டெஸ்ட்டின்போது கோட்டில் எத்தனை சதவீத வரிகள் ஓடின என்ற அளவு) 100 சதவீதம் என்று காட்டினாலும் நம்பிவிட வேண்டாம். வரிகள் ஓடின என்பதற்கு மட்டுமே அது சாட்சி, விடை சரிபார்க்கப்பட்டதா என்பது அதற்குத் தெரியாது.

ஏஐ வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் சில உண்டு. பைத்தானில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் துல்லியமாக 0.3 வராது, ரவுண்ட் ஃபங்ஷன் 2.5-ஐ 3 ஆக்காமல் 2 ஆக்கும். பணக் கணக்குக்கு, தசம எண்களைத் துல்லியமாக வைக்கும் டெசிமல் வகையைப் பயன்படுத்தச் சொல்லுங்கள். இன்றைய தேதியை நேரடியாக எடுக்கும் கோட்டின் டெஸ்ட் மாதக் கடைசியில் காரணம் தெரியாமல் விழக்கூடும். தேதியை உள்ளீடாகக் கொடுத்துவிடுங்கள். மாக் செய்யும்போது (உண்மையான பகுதிக்குப் பதில் போலி ஒன்றை வைக்கும்போது), சோதிக்க வேண்டிய ஃபங்ஷனையே ஏஐ மாக் செய்திருக்கிறதா என்று பாருங்கள்.

டெஸ்ட் விழுந்ததும் "சரிசெய்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அசெர்ட்டை (விடையைச் சரிபார்க்கும் வரியை) மாற்றியோ, டெஸ்ட்டை ஓட்டாமல் தாண்டவைக்கும் ஸ்கிப் குறி போட்டோ ஏஐ தோல்வியை மறைத்துவிடக்கூடும். "டெஸ்ட் ஃபைலைத் தொடாதே, முதலில் காரணத்தைச் சொல்" என்று கேளுங்கள்.

விதியே எழுதப்படாத பழைய கோட்டைத் திருத்தி அமைக்கும்போது மட்டும், இப்போதைய விடைகளை அப்படியே பதிவு செய்யும் டெஸ்ட்கள் உதவும். அவற்றைத் தனி ஃபோல்டரில் வையுங்கள்.