கழற்றிய கேஸ்கெட்டை மறுபடியும் போடலாமா? என்ஜின் வேலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

என்ஜினைத் திறந்து வேலை பார்க்கும்போது, கழற்றிய கேஸ்கெட் (இரண்டு பாகங்களுக்கு நடுவே கசிவை அடைக்கும் தகடு) கிழியாமல் முழுசாக வந்துவிட்டால் அதையே திரும்பப் போட்டுவிடலாம் என்ற எண்ணம் மெக்கானிக்குக்கும் வண்டிக்காரருக்கும் ஒருசேர வருவது இயல்பு. உதிரிபாகக் கடை மூடியிருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த எண்ணம் இன்னும் வலுக்கும். எந்த இடத்துக் கேஸ்கெட் என்பதைப் பொறுத்து இதற்கான விடை மாறுகிறது என்றாலும், பார்ப்பதற்கு நன்றாக இருக்கிறது என்பது மட்டும் எந்த இடத்திலும் போதுமான காரணம் ஆகாது.

எவ்வளவு நேர்த்தியாகக் கடைந்தாலும் உலோகப் பரப்பில் நுண்ணிய மேடுபள்ளங்கள் இருக்கும். இரண்டு பரப்புகளுக்கு நடுவே கேஸ்கெட்டை வைத்துப் போல்ட்டை முறுக்கும்போது, அது நசுங்கி அந்தப் பள்ளங்களுக்குள் புகுந்து அடைத்துக்கொள்கிறது. அந்த நசுங்கும் திறன் பெரும்பாலான கேஸ்கெட்டுகளில் ஒரே ஒரு தடவைக்கானது. கழற்றி மறுபடி வைக்கும்போது பழைய மேடுபள்ளங்களோடு அது இம்மியும் பிசகாமல் பொருந்துவதற்கு வாய்ப்பே இல்லை.

ஹெட்டுக்கும் (சிலிண்டர்களின் மேல்மூடி) பிளாக்குக்கும் (சிலிண்டர்கள் உள்ள அடிப்பகுதி) நடுவே வரும் ஹெட் கேஸ்கெட்டைப் பொறுத்தவரை விடை ஒன்றுதான்: மறுபடியும் போடக் கூடாது. எரியும் வாயு, கூலன்ட், ஆயில் ஆகிய மூன்றையும் ஒன்றோடொன்று கலக்காமல் பிரித்து வைக்கும் பொறுப்பு அதற்கு இருக்கிறது. முழுச் சுமையில் ஓடும் பெட்ரோல் என்ஜினின் சிலிண்டருக்குள் அழுத்தம் 50 முதல் 80 பார் வரை எழும் (ஒரு பார் என்பது ஏறக்குறைய காற்றுமண்டல அழுத்தம்). உயர் அழுத்தப் பொதுக் குழாயிலிருந்து எல்லாச் சிலிண்டருக்கும் டீசல் போகும் இன்றைய காமன் ரயில் டீசல் என்ஜின்களில் அது 150 பாரையும் தாண்டும். இதோடு, பிளாக் வார்ப்பிரும்பாகவும் ஹெட் அலுமினியமாகவும் இருந்தால், சூடேறும்போது அலுமினியம் வார்ப்பிரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரிவதால், ஒவ்வொரு தடவை என்ஜின் சூடாகி ஆறும்போதும் ஹெட், கேஸ்கெட்டின் மீது சிறிதளவு உராய்ந்து நகர்கிறது.

பழைய என்ஜின்களில் வரும் கிராஃபைட் வகைக் கேஸ்கெட்டைக் கழற்றும்போது அது பெரும்பாலும் பிய்ந்துவிடும் என்பதால் அங்கே ஆசைக்கு இடமில்லை. இப்போதைய கார்களில் வரும் பல அடுக்கு எஃகுக் கேஸ்கெட்தான் ஏமாற்றும். வெளியே எடுத்தால் வளையாமல், பளபளப்பாக, புதியது போலவே இருக்கும். ஆனால் சிலிண்டர் துளையைச் சுற்றி விரலால் தடவிப் பார்த்தால், புதிய கேஸ்கெட்டில் கைக்குத் தட்டுப்படும் மேடு பழையதில் தாழ்ந்து தட்டையாகியிருப்பது தெரியும். ஸ்பிரிங் போலத் திமிறிக்கொண்டு வாயுவை அடைத்து நிறுத்துவது அந்த மேடுதான். எஃகின் மேல் உள்ள மெல்லிய ரப்பர் பூச்சும் ஆங்காங்கே உரிந்து ஹெட்டிலும் பிளாக்கிலும் ஒட்டிக்கொண்டிருக்கும்.

போன வாரம்தானே புதிதாகப் போட்டோம், நூறு கிலோமீட்டர்கூட ஓடவில்லையே என்று சிலர் வாதிடுவார்கள். ஓடிய தூரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. போல்ட்டுகளை முழு டார்க்கில் (முறுக்கு விசையில்) முறுக்கியபோதே அந்தக் கேஸ்கெட் தன் வேலையைச் செய்து முடித்துவிட்டது. ஹெட்டை இறக்கி ஏற்றும் கூலியோடு ஒப்பிட்டால் கேஸ்கெட்டின் விலை சிறியது. அதில் மிச்சம் பிடித்து, பிறகு ரேடியேட்டரில் குமிழி வருவதையும், சைலன்சரில் வெள்ளைப் புகை வருவதையும், ஆயில் மூடியின் அடியில் பால் கலந்தது போன்ற பசை படிவதையும் பார்த்துவிட்டு அதே ஹெட்டை இன்னொரு தடவை இறக்குவது எந்தக் கணக்கிலும் சிக்கனம் ஆகாது.

புதிய கேஸ்கெட் வாங்கியவர்களும் பழைய ஹெட் போல்ட்டுகளையே போட்டு அதன் பலனைக் கெடுத்துக்கொள்கிறார்கள். குறிப்பிட்ட டார்க்கில் முறுக்கிய பின் மேலும் 90 டிகிரி திருப்ப வேண்டும் என்று மேனுவலில் இருந்தால், அந்தப் போல்ட்டுகள் நிரந்தரமாக நீளும்படி வடிவமைக்கப்பட்டவையாக இருக்கக்கூடும். அப்படிப்பட்டவற்றைச் சில நிறுவனங்கள் ஒரு தடவைக்கு மேல் அனுமதிப்பதில்லை. வேறு சில, நீளத்தை அளந்து வரம்புக்குள் இருந்தால் அனுமதிக்கின்றன. டொயோட்டா மேனுவல்களில் மறுபடி பயன்படுத்தக் கூடாத பாகங்களுக்குப் பக்கத்தில் ஒரு தனிக் குறி இருக்கும். அதைப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கினால் பாதிச் சந்தேகங்கள் எழாது.

பழைய கேஸ்கெட்டின் மிச்சத்தை எடுக்க அலுமினியப் பரப்பில் எமரி சக்கரத்தை ஓட்டுவதும் ஆபத்தானது. எஃகுக் கேஸ்கெட்டுக்கு வழவழப்பான சமதளம் தேவை. சக்கரம் அங்கே கண்ணுக்குத் தெரியாத குழிகளை உண்டாக்கிவிடும். அதிலிருந்து உதிரும் துகள் ஆயிலோடு கலந்தால் பேரிங்குகளையும் அரிக்கும். பிளாஸ்டிக் சுரண்டியும் கேஸ்கெட் கரைப்பானும் நேரம் பிடிக்கும் வழிதான், ஆனாலும் அதுவே சரியான வழி. பிறகு ஸ்ட்ரெய்ட் எட்ஜை (நேரான உலோகப் பட்டையை) வைத்து ஃபீலர் கேஜால் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகளால்) பார்க்க வேண்டும். மேனுவல் தரும் வரம்பைத் தாண்டி ஹெட் வளைந்திருந்தால் ஃபேசிங் செய்யாமல் (பரப்பைச் சமமாகக் கடையாமல்) எந்தக் கேஸ்கெட்டும் நிற்காது.

நம் ஊர்ப் பட்டறைகளில் பழைய கேஸ்கெட்டுக்குத் துணையாகச் சிலிக்கோன் பசையைத் தாராளமாகப் பூசும் பழக்கம் இருக்கிறது. சம்ப் (என்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) போன்ற இடங்களுக்குத் தயாரிப்பாளரே பசையைப் பரிந்துரைப்பது உண்டு என்பதால் பசையையே குறை சொல்வதில் நியாயமில்லை. அளவும் இடமும்தான் பிரச்சினை. வெளியே பிதுங்கித் தெரியும் பசையைப் பார்த்து வண்டிக்காரர் திருப்தி அடைகிறார், ஆனால் அதே அளவு உள்ளேயும் பிதுங்கியிருக்கும். அது உதிர்ந்து ஆயில் பம்ப்பின் உறிஞ்சு வலையில் போய் அடைத்தால் ஆயில் அழுத்தம் விழுந்துவிடும். எஃகு ஹெட் கேஸ்கெட்டின் மேல், மேனுவல் குறிப்பிடும் ஓரிரு மூலைகளைத் தவிர, பசை படவே கூடாது.

இவ்வளவு சொன்னாலும், கழற்றியதும் பழைய கேஸ்கெட்டைக் குப்பையில் எறிவதும் தவறே. வாயு எந்த இரண்டு சிலிண்டர்களுக்கு நடுவே கசிந்தது என்பதை அதில் படிந்த கரிக்கோடு காட்டிவிடும். வோக்ஸ்வாகனின் டீசல் என்ஜின்கள் பலவற்றில், பிஸ்டன் பிளாக்கின் மேற்பரப்புக்கு மேல் எவ்வளவு எழுகிறது என்பதற்கேற்ப வெவ்வேறு தடிமனில் கேஸ்கெட் வரும். ஓரத்தில் உள்ள துளைகளின் எண்ணிக்கை அந்தத் தடிமனைக் குறிக்கும். பழையதை வைத்து ஒப்பிடாமல் வாங்கினால் பிஸ்டன் இடிக்கவோ கம்ப்ரெஷன் குறையவோ கூடும்.

ஹெட்டின் மேல் மூடியாக வரும் டேப்பெட் கவரின் ரப்பர் கேஸ்கெட் விஷயத்தில் இவ்வளவு கண்டிப்பு தேவையில்லை. அண்மையில் மாற்றியதாக இருந்து, நகத்தால் அழுத்தினால் உள்ளே போய்த் திரும்பி எழுந்தால், சுத்தம் செய்து மறுபடி போடலாம். விறைத்துத் தட்டையாகியிருந்தால், ஆயில் கசிந்து சூடான மேனிஃபோல்டில் (புகை வெளியேறும் குழாயில்) விழுந்து புகையும்.

ஆயிலை வடிக்கும் டிரெயின் போல்ட்டின் செப்பு வாஷரை மங்கலான சிவப்பு வரும்வரை சூடாக்கி ஆறவிட்டால் செம்பு மறுபடி மென்மையாகும் என்பது உண்மை. பழைய மெக்கானிக்குகள் இதை நன்றாகவே செய்வார்கள். அலுமினிய வாஷருக்கும் ரப்பர் பதித்த வாஷருக்கும் இந்த வைத்தியம் செல்லாது. காமன் ரயில் என்ஜினில் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் அடி வாஷருக்கு அதைச் செய்து பார்க்கவே கூடாது. அங்கே கசியும் சிலிண்டர் வாயு, இன்ஜெக்டரைச் சுற்றித் தார் போன்ற கரியாக இறுகி, அடுத்த முறை அதைப் பிடுங்குவதையே பெரிய வேலையாக்கிவிடும்.

தெரியாமலேயே பழைய கேஸ்கெட் மறுபடி பயன்பட்டுவிடும் இடம் ஒன்றும் உண்டு. ஆயில் ஃபில்டரைக் கழற்றும்போது அதன் ரப்பர் வளையம் சில சமயம் என்ஜினோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். அதன் மேலேயே புதிய ஃபில்டரைத் திருகினால் இரண்டு வளையங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக அமர்ந்து, அழுத்தம் ஏறியதும் பிதுங்கி, சில நிமிடங்களில் ஆயில் முழுவதையும் கொட்டிவிடக்கூடும். கழற்றிய ஃபில்டரைத் திருப்பிப் பார்த்து, வளையம் அதிலேயே இருக்கிறது என்று உறுதி செய்த பிறகே புதியதைத் திருக வேண்டும்.