இறையாண்மை பற்றிப் பேசும்போது நாம் சறுக்கும் இடங்கள்

ஐரோப்பா பற்றிய விவாதங்களில் அடிக்கடி கண்ணில் படுகிற தவறு, இரண்டு நீதிமன்றங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்புவது. லக்சம்பர்க்கில் இருப்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம். ஸ்ட்ராஸ்பூரில் இருப்பது மனித உரிமை நீதிமன்றம். அது ஒன்றியத்திலிருந்து தனியான, 46 நாடுகள் சேர்ந்த ஐரோப்பிய கவுன்சில் என்ற அமைப்புடையது. 2020 ஜனவரி 31 அன்று பிரிட்டன் ஒன்றியத்தை விட்டுத்தான் வெளியேறியது. ஸ்ட்ராஸ்பூர் உறவு அப்படியே இருந்தது.

அடுத்தது, ‘வெளிநாட்டு நீதிமன்றம் பிரிட்டன் நாடாளுமன்றச் சட்டத்தையே ரத்து செய்துவிட்டது’ என்ற பேச்சு. இதற்குச் சான்றாகக் காட்டப்படும் ஃபாக்டர்டேம் வழக்கைக் கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். ஸ்பெயின்காரர்கள் தங்கள் மீன்பிடிப் படகுகளை பிரிட்டனில் பதிவு செய்து, பிரிட்டனுக்கு ஒதுக்கப்பட்ட பங்கில் மீன் பிடித்தார்கள். அதைத் தடுக்க 1988இல் நாடாளுமன்றம் ஒரு கப்பல் சட்டம் போட்டது. படகுக்காரர்கள் வழக்குக்குப் போனார்கள். 1990இல் அந்தச் சட்டத்தை அவர்கள்மேல் பாய்ச்சக் கூடாது என்று இடைக்காலத் தடை போட்டது லண்டனில், அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபையின் நீதிபதிகள்தான். ஒன்றியச் சட்டத்தின்படி தேசிய நீதிமன்றம் என்ன செய்ய வேண்டும் என்று லக்சம்பர்க் விளக்கம் சொன்னது, அவ்வளவுதான். சட்டப் புத்தகத்திலிருந்து எதுவும் கிழிக்கப்படவில்லை.

அப்படியானால் நாடாளுமன்றச் சட்டத்தையே நிறுத்திவைக்கும் அதிகாரம் அந்த நீதிபதிகளுக்கு எங்கிருந்து வந்தது? ஒன்றியச் சட்டம் பிரிட்டனிலும் செல்லும் என்று 1972இல் அதே நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்திலிருந்து. தன் இறையாண்மைக்கு அது ஏற்றுக்கொண்ட வரம்பு எதுவானாலும், தானாக முன்வந்து ஏற்றுக்கொண்டதே என்று அந்த நீதிபதிகளில் ஒருவரான பிரிட்ஜ் பிரபு தீர்ப்பில் எழுதினார். இந்த விவாதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் படும் வாதம் இதுதான். கொடுத்ததைத் திரும்ப எடுக்கவும் முடிந்தது: 1972 சட்டத்தை நீக்க 2018இல் இன்னொரு சட்டம் போதுமானதாக இருந்தது.

சரி, வெளியேற முடியும் என்பதால் எதையும் இழக்கவில்லை என்று சொல்லலாமா? அதுவும் தவறு. உள்ளே இருக்கும்வரை கட்டுப்பாடு நிஜமானது. அந்தப் படகுகள் விஷயத்தில் பிரிட்டன் அரசு பின்னால் பெரும் நஷ்டஈடும் கொடுக்க வேண்டியிருந்தது.

அப்புறம், பிரிட்டன் கதையை எல்லா நாடுகளுக்கும் பொருத்தாதீர்கள். பிரிட்டனில் உச்சியில் இருப்பது நாடாளுமன்றம், ஜெர்மனியில் அரசியலமைப்பு. 2020 மே 5 அன்று, ஐரோப்பிய மத்திய வங்கி கடன்பத்திரங்கள் வாங்கியது தொடர்பான வழக்கில், லக்சம்பர்க் தீர்ப்பு தன்னைக் கட்டுப்படுத்தாது என்று கார்ல்ஸ்ருஹேயில் உள்ள அரசியலமைப்பு நீதிமன்றம் அறிவித்தது. லக்சம்பர்க்கோ, ஒன்றியச் சட்டமே மேலானது என்று 1964லிருந்து சொல்லிவருகிறது. இந்த இழுபறி இன்னும் தீரவில்லை.

தீர்ப்பு வந்த அன்றே நாடு பணிந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். கைதிகள் எல்லோருக்கும் ஒட்டுமொத்தமாக வாக்குரிமை மறுப்பது தவறு என்று 2005இல் ஸ்ட்ராஸ்பூர் சொன்னது. 2011இல் பிரிட்டன் மக்களவை 234க்கு 22 என்ற கணக்கில் அந்தத் தடையை ஆதரித்தது. கடைசியில் தற்காலிக விடுப்பில் வெளியே இருக்கும் கைதிகள் வாக்களிக்கலாம் என்று நிர்வாக அளவில் ஒரு தளர்வு செய்தார்கள். சட்டத்தில் ஒரு வரிகூட மாறவில்லை. 2018இல் ஐரோப்பிய கவுன்சில் அதை ஏற்று விவகாரத்தை முடித்துக்கொண்டது.