சிறிய விமானத்தில் பார்க்கிங் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டால்

கைப்பிடியை விடுவித்தாயிற்று, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது, த்ராட்டிலைச் சற்றே கூட்டியும் விமானம் நின்ற இடத்திலேயே நிற்கிறது, அல்லது ஒரு பக்கமாக மூக்கைத் திருப்பப் பார்க்கிறது. இந்த நேரத்தில் விமானியின் கை தானாகவே த்ராட்டிலை மேலும் தள்ளப் போகும். அதைத்தான் முதலில் அடக்க வேண்டும். பிடித்திருக்கும் பிரேக்கை இன்ஜின் விசையால் வெல்ல முயன்றால் டிஸ்க்கும் பிரேக் கட்டைகளும் சில நிமிடங்களில் கடுமையாகச் சூடேறி, பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் கெட்டு, கசியும் ஹைட்ராலிக் எண்ணெய் சுட்ட டிஸ்க்கின்மேல் பட்டுத் தீப்பற்றக்கூடும். பிரேக் திடீரென விட்டாலோ, கூட்டி வைத்த விசையுடன் விமானம் முன்னே பாயும். ஆகவே த்ராட்டிலைக் குறைத்து, இன்ஜினை நிறுத்திவிட்டுத்தான் மற்ற வேலையைத் தொடங்க வேண்டும்.

இன்ஜின் நின்றதும் மேக்னீட்டோக்களை (இன்ஜினுக்குத் தீப்பொறி தரும் கருவிகளை) அணைத்து, சாவியை எடுத்து, எல்லோர் கண்ணிலும் படும்படி கருவிப் பலகையின் மேல் வையுங்கள். பிறகு இரண்டு பிரதான சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் முட்டுக்கட்டை வைக்க வேண்டும். நகர மறுக்கும் விமானத்துக்கு எதற்கு முட்டுக்கட்டை என்று தோன்றும். ஆனால் நாம் செய்யப்போகும் வேலையே பிரேக்கை விடுவிப்பதுதான், அது விட்ட கணத்தில் சிறு சரிவு போதும், விமானம் உருளத் தொடங்கிவிடும். அணைத்த மேக்னீட்டோவும் தரையிணைப்புக் கம்பி அறுந்திருந்தால் உயிரோடுதான் இருக்கும் என்பதால், புரொப்பல்லர் சுழலும் வட்டத்துக்குள் யாரும் நிற்கக் கூடாது. சக்கரத்தில் புகையோ காந்தல் நாற்றமோ இருந்தால் அது ஆறும்வரை காத்திருங்கள். நெருங்க வேண்டிய கட்டாயம் வந்தால் சக்கரத்தின் முன்புறமாகவோ பின்புறமாகவோ அணுக வேண்டுமே தவிரப் பக்கவாட்டில் அல்ல. சூடான டயரும் சக்கரமும் வெடித்தால் சிதறல் பெரும்பாலும் பக்கவாட்டில்தான் பாயும். டிஸ்க்கின்மேல் தண்ணீர் ஊற்றி ஆற்ற முயல்வதும் தவறு, திடீர்க் குளிர்ச்சியில் உலோகம் விரிசல் விடலாம்.

அடுத்து, உங்கள் விமானத்தில் பார்க்கிங் பிரேக் எப்படி அமைந்திருக்கிறது என்பதை விமானக் கையேட்டில் பார்த்துத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும், ஏனெனில் விடுவிக்கும் முறை அதைப் பொறுத்தே மாறும். செஸ்னா 172 போன்றவற்றில் பெடல்களை மிதித்துக்கொண்டு கைப்பிடியை இழுத்துத் திருப்பினால், அது பெடல்களின் மாஸ்டர் சிலிண்டர்களை (மிதியை எண்ணெய் அழுத்தமாக மாற்றும் உருளைகளை) மிதித்த நிலையிலேயே பூட்டி வைக்கிறது. பைப்பர் பிஏ-28 வகையில் கை நெம்புகோலை இழுத்து அதன் பக்கவாட்டுக் குமிழை அழுத்தினால் பூட்டு விழும். அதை எடுக்க நெம்புகோலை இன்னும் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக் கொக்கியை விடுவித்த பிறகே முன்னே செல்லவிட வேண்டும். சிர்ரஸ் போன்றவற்றில் குமிழை இழுத்தால் ஒரு வால்வு மூடிக்கொண்டு, பெடலால் உண்டாக்கிய அழுத்தத்தைக் குழாய்க்குள்ளேயே சிறைவைக்கிறது.

இந்த மூன்று வகையிலும் முதல் முயற்சி ஒன்றுதான். இரண்டு பெடல்களையும் (நெம்புகோல் வகையில் நெம்புகோலை) பூட்டியபோது கொடுத்ததைவிட அழுத்தமாக இயக்கி, அந்த அழுத்தத்தை விடாமலே கைப்பிடியை முழுமையாக விடுவித்து, பிறகு மெல்லக் காலை எடுக்க வேண்டும். கொக்கியின்மேல் ஏறியிருக்கும் பாரம் இதனால் இறங்கும்; வால்வின் இரு பக்கமும் அழுத்தம் சமமாகும். பலமுறை பழுது இத்துடனே தீர்ந்துவிடும். குளிர்ந்த காலையில் பூட்டிய விமானம் நண்பகல் வெயிலில் பிடித்துக்கொள்வதற்கும் இதுவே மருந்து: வெளியேற வழியற்ற எண்ணெய் சூட்டில் விரிந்து, நீங்கள் கொடுத்ததைவிடப் பன்மடங்கு அழுத்தத்துடன் டிஸ்க்கை இறுக்கியிருக்கும்.

அப்போதும் விடவில்லையெனில், பெடல்கள் முழுவதுமாகப் பின்னுக்கு வந்திருக்கின்றனவா என்று குனிந்து பார்க்க வேண்டும். பெடல் முழுமையாக மீண்டால்தான் மாஸ்டர் சிலிண்டருக்குள் ஒரு சிறு வழி திறந்து, எண்ணெய் தொட்டிக்குத் திரும்பும். பெடல் மயிரிழை அளவு தாழ்ந்து நின்றாலும் அந்த வழி மூடியே கிடக்கும், அழுத்தம் இறங்காது. மீள்விசைச் சுருள் உடைந்திருப்பது, கம்பி துருப்பிடித்துத் தன் உறைக்குள் இறுகியிருப்பது, தரைவிரிப்பு பெடலின் அடியில் சுருண்டிருப்பது, எப்போதோ விழுந்த பேனா அங்கே சிக்கியிருப்பது என்று காரணங்கள் பல. வலப்பக்கப் பெடல்களையும் மறக்காதீர்கள். அருகில் அமர்ந்திருப்பவர் அறியாமலே காலை ஊன்றியிருப்பது, எல்லோரும் கீழே இறங்கிச் சக்கரத்தை ஆராய்ந்த பிறகுதான் பல நேரம் தெரியவருகிறது.

பெடல்களில் குறையில்லையென்றால் பிடித்திருப்பது ஒரு சக்கரமா இரண்டுமா என்று அறிய வேண்டும். முட்டுக்கட்டைகளைச் சற்றே தள்ளி வைத்து, இறக்கையின் தாங்குகம்பியிலோ இறக்கை உடலோடு சேரும் இடத்திலோ கைவைத்து, விமானத்தை முன்னும் பின்னும் மெல்ல ஆட்டுங்கள். புரொப்பல்லரையோ அசையும் கட்டுப்பாட்டுப் பரப்புகளையோ பிடித்துத் தள்ளக் கூடாது. இரு சக்கரங்களும் அசையவில்லையெனில் கோளாறு பெரும்பாலும் கைப்பிடி, கம்பி, வால்வு ஆகியவற்றில் இருக்கும். ஒன்று மட்டும் பிடித்திருந்தால் அந்தச் சக்கரத்தின் காலிப்பரையோ (பிரேக் கட்டைகளை டிஸ்க்கின்மேல் அழுத்தும் பகுதி) அதற்குப் போகும் குழாயையோ சந்தேகிக்க வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு மெக்கானிக் அருகில் இருப்பது நல்லது, ஏனென்றால் அடுத்த சோதனை பிரேக் அமைப்பைத் திறப்பதாகும். சக்கரத்திலுள்ள பிளீடர் முனையில் (எண்ணெயையும் காற்றையும் வெளியேற்றும் திருகுமுனை) ஒளிபுகும் குழாயை மாட்டி, மறுமுனையைப் புட்டிக்குள் விட்டு, கண்ணுக்குக் காப்பணிந்து, முனையைச் சிறிது சிறிதாகத் தளர்த்த வேண்டும். சிவந்த எண்ணெய் பீறிட்டுச் சக்கரம் விட்டுவிட்டால், அழுத்தம் மேலே எங்கோ தடைபட்டிருக்கிறது. எண்ணெய் வெறுமனே கசிந்து, சக்கரமும் இறுகியே இருந்தால், சிக்கல் காலிப்பரில்தான். எத்தனை மணி நேர ஊகத்தையும்விட இந்த ஒரு சோதனை அதிகம் சொல்லும். ஆனால் திறந்த அமைப்பில் காற்று நுழைந்திருக்கும். அதை முறைப்படி வெளியேற்றிச் சான்று எழுதும்வரை அந்த விமானத்துக்குப் பிரேக் இல்லை என்றே கொள்ள வேண்டும்.

மேலே தடைபட்டிருந்தால், உட்சுவர் உரிந்து ஒருவழி வால்வுபோல நடந்துகொள்ளும் பழைய ரப்பர் குழாயையும், ஊதிப்போன ரப்பர் வளையங்களையும் தேட வேண்டும். வளையம் ஊதியிருந்தால் யாரோ தவறான எண்ணெயை ஊற்றியிருக்கலாம். பெரும்பாலான சிறிய விமானங்களின் பிரேக்குகள் எம்ஐஎல்-எச்-5606 வகைக் கனிம எண்ணெய்க்காக அமைந்தவை; கார்களுக்கான டாட் 3, டாட் 4 திரவங்கள் அவற்றின் வளையங்களைக் கெடுத்துவிடும். அப்படி நேர்ந்திருந்தால் எண்ணெயை மட்டும் மாற்றினால் போதாது, முழு அமைப்பையும் கழுவி வளையங்களை எல்லாம் புதிதாக இட வேண்டும்.

காலிப்பரில் சிக்கல் எனில், அது மிதந்து நகரும் ஊசிகளில் அழுக்கும் துருவும் சேர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நீண்ட நாள் நின்ற விமானத்தில் பிரேக் கட்டை டிஸ்க்கின் துருவோடு ஒட்டியிருக்கலாம். மெல்ல ஆட்டினாலே அது பெரும்பாலும் விட்டுவிடும். உறைபனிப் பகுதிகளில் ஈரச்சேற்றில் ஓடிவந்த பிரேக் இரவில் உறைந்துபோயிருந்தால் மிதமான வெப்பக் காற்றே போதும். சுத்தியலும் திறந்த சுடரும் அந்தப் பக்கமே வரக் கூடாது.

ஓடுபாதையிலேயே பிடித்துக்கொண்டால் விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குச் சொல்லிவிட்டு இன்ஜினை நிறுத்தி, பிடித்த சக்கரத்தின் அடியில் உருளைத் தள்ளுவண்டியை ஏற்றி நகர்த்தச் சொல்லுங்கள். முன்சக்கரத்தில் கட்டி இழுத்தால் ஒரு பழுது இரண்டாகும். வால்வு வகையில், வானில் பறக்கும்போது யாராவது குமிழை இழுத்துவிட்டால் அப்போது ஒன்றும் தெரியாது. தரைதொட்டு முதல்முறை பிரேக் மிதித்ததும் அந்த அழுத்தம் அப்படியே பூட்டிக்கொள்ளும். இறங்குமுன் சரிபார்க்கும் பட்டியலில் அந்தக் குமிழையும் சேர்த்துக்கொள்வது அதனால்தான் நல்லது. இரவு முழுவதும் நிறுத்த முட்டுக்கட்டையும் கட்டுக்கயிறும்தான் சரி என்பது என் கருத்து: வெயிலில் இறுகும் அதே பிரேக், குளிரில் எண்ணெய் சுருங்கித் தளர்ந்தும் போகும்.

பிரேக் விட்டதும் உடனே பறந்துவிடாதீர்கள். குறைந்த விசையில் சிறிது தூரம், பிரேக்கை இயன்றவரை தொடாமல் உருட்டிச் சென்று, இன்ஜினை நிறுத்தி, இரு டிஸ்க்குகளின் அருகேயும் தொடாமல் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மற்றதைவிடத் தெளிவாகச் சுட்டால் அந்தப் பிரேக் இன்னும் உரசிக்கொண்டுதான் இருக்கிறது. விமானம் பட்டறைக்கே திரும்ப வேண்டும்.